பழைய கேம்பாய்க்குள் ஒரு புதிய காது

எங்கள் மானிப்பாய் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய் ஒன்று இருபது வருடத்துக்கு மேலாகக் கிடந்தது. 2002இல் சமாதானம் வந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி திறந்ததும் சுவிசிலிருந்து வந்த மாமா, தன் பிள்ளைகள் விளையாடி முடித்ததை ஒரு பழைய துவாயில் சுற்றி எங்களுக்குக் கொண்டுவந்து தந்தார். போன பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது தங்கச்சி அதை எடுத்தாள். பற்றரி போடும் இடத்தில் பழைய பற்றரிகள் கசிந்து, தகடுகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அல்கலைன் பற்றரியிலிருந்து கசிவது காரம். அதற்கு வீட்டிலேயே மருந்து இருக்கிறது: தேசிக்காய்ப்புளி. பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் புளியையும் துடைத்து, ஒரு நாள் காயவிட்டோம்.

நாலு புதுப் பற்றரி போட்டு சுவிட்சைத் தள்ளினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் படம் இல்லை. கண்ணாடியின் ஓரம் எப்போதோ வெடித்திருக்க வேண்டும். நடுவில் மை கொட்டியது போல ஒரு கறுப்புக் கறை பரவியிருந்தது. ஆனால் ஓரிரு செக்கனில் அந்தச் சின்ன 'டிங்' கேட்டது.

அந்தச் சத்தத்துக்கு ஒரு அர்த்தம் உண்டு. கேம்பாயை இயக்கியதும் நின்டெண்டோவின் பெயர் திரையின் மேலிருந்து மெல்ல இறங்கி நடுவில் நிற்கும். அது நின்ற பிறகுதான் மணி அடிக்கும். மணி அடித்தது என்றால் உள்ளே மூளை வேலை செய்கிறது, படத்தைச் செக்கனுக்கு அறுபது தரம் வரைந்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வாங்கிக் காட்ட மட்டும் ஆள் இல்லை. அந்த இடத்தில் ஒரு சின்ன மைக்ரோகொன்ட்ரோலரை வைத்து, படத்தை வழியிலேயே கேட்டு எடுத்து, கொம்பியூட்டருக்கு அனுப்பலாம். பள்ளிக்கூடப் பாடத்தில் நுண்கட்டுப்படுத்தி என்று வரும் அதே சாமான்தான்: ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கொம்பியூட்டர். இப்போது முத்திரை அளவு பலகைகளில் கிடைக்கிறது. நானும் தங்கச்சியும் மூன்று மாதம் இதோடு இருந்தோம். அது எப்படி முடிகிறது, எங்கே பிழைக்கும் என்பதைத்தான் இங்கே விளக்கப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். விளையாட்டுக் கருவிக்குள் மைக்ரோகொன்ட்ரோலர் வைப்பது என்றாலே பலருக்குத் திருட்டு விளையாட்டுத்தான் நினைவுக்கு வரும். அதற்குக் காரணமும் இருக்கிறது. 2018 ஏப்ரலில் நின்டெண்டோ சுவிட்ச் என்ற பிந்திய விளையாட்டுக் கருவியின் டெக்ரா எக்ஸ்1 சிப்பில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரியவந்தது. அது சிப்பின் நிரந்தர நினைவகத்திலேயே இருந்த பிழை. விற்றுவிட்ட கருவிகளை மென்பொருள் அப்டேட்டால் திருத்த வழியில்லை. ஆகவே பலர் ஒரு குட்டிப் பலகையை உள்ளேயே ஒட்டி, ஒவ்வொரு முறையும் அது அந்த ஓட்டையைத் தானாகத் திறக்கும்படி செய்தார்கள். அந்தப் பலகை கருவிக்குக் கட்டளை கொடுக்கிறது. நாங்கள் செய்தது அதற்கு நேர்மாறு. எங்கள் பலகை கேம்பாய்க்கு ஒரு பிட்டைக்கூட அனுப்பாது; பக்கத்தில் இருந்து கேட்கும், அவ்வளவுதான். மாமா தந்த அதே கசெற் (விளையாட்டு அடங்கிய, செருகும் பெட்டி), அதே மூளை, அதே பொத்தான்கள்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? 1989இல் வெளிவந்த முதல் கேம்பாய் மிகவும் எளிமையான சாமான். அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய குன்பேய் யோகோய், புதிதாக வந்த விலைகூடிய தொழில்நுட்பத்தை நாடாமல், பழகிப்போன மலிவானதைப் புது விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கைக்காரர். அதனால்தான் போட்டிக் கருவிகள் கலர்த் திரையோடு வந்தபோதும் கேம்பாய் நாலு நிற அடர்த்தியோடு நின்றது. அதனால்தான் பற்றரியும் நின்றுபிடித்தது. முப்பத்தைந்து வருடம் கழித்து எங்களைப் போன்றவர்கள் அதைத் திறந்து விளங்கிக்கொள்ள முடிவதும் இதே எளிமையால்தான்.

பின்பக்கத் திருகாணிகள் மூன்று இறகு வடிவம். சாதாரண ஸ்க்ரூட்ரைவர் பிடிக்காது. போன் திருத்துபவர்களிடம் இருக்கும் செற்றில் அநேகமாக அதற்குரிய முனை இருக்கும். திறந்தால் இரண்டு பலகைகள். பின்பலகையில் மூளையும் நினைவகமும் கசெற் செருகும் இடமும். முன்பலகையில் திரை, பொத்தான்கள், ஸ்பீக்கர். திரை பழுது என்பதற்காக முன்பலகையைக் கழற்றி எறிய முடியாது. எறிந்தால் விளையாடப் பொத்தானே இருக்காது. இரண்டையும் 21 கம்பிகள் கொண்ட ஒரு தட்டை வயர் இணைக்கிறது. படம் போகும் பாதை இதுதான்.

இந்த 21இல் எங்களுக்கு வேண்டியது ஐந்து மட்டுமே. இரண்டு கம்பிகளில் படத்தின் புள்ளிகள் வருகின்றன: ஒரு புள்ளிக்கு இரண்டு பிட் (பிட் என்பது 0 அல்லது 1), ஆகவே வெள்ளை முதல் கறுப்பு வரை நாலு அடர்த்தி. மூன்றாவது கம்பி தாளம் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புள்ளி. நாலாவது "புது வரி", ஐந்தாவது "புதுப் படம்" என்று சொல்லும். இவற்றோடு தரைக் கம்பியையும் பொதுவாக இணைத்துவிட்டால், கேம்பாய் பேசுவது முழுவதும் கேட்கும்.

எவ்வளவு வேகமாகப் பேசுகிறது? மூளையின் தாளம் செக்கனுக்கு 41,94,304 தட்டு. ஒரு வரிக்கு 456 தட்டு, ஒரு படத்துக்கு 154 வரி. அதில் கண்ணுக்குத் தெரிவது 144. 456ஐ 154ஆல் பெருக்கினால் 70,224. தாளத்தை இதால் வகுத்தால் செக்கனுக்கு 59.73 படம் என்று வருகிறது. வரியின் நடுவே புள்ளிகள் ஓடிவரும்போது ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 238 நானோசெக்கன்.

மைக்ரோகொன்ட்ரோலரைத் தெரிவுசெய்வதில் முடிவெடுக்க வைத்தது இந்த 238தான். 2021 ஜனவரியில் ராஸ்பெரி பை நிறுவனம் வெளியிட்ட ஆர்பி2040 சிப்பை நாங்கள் எடுத்தோம். 125 மெகாஹேர்ட்ஸில் ஓடும்போது அதற்கு ஒரு படி 8 நானோசெக்கன். ஒரு புள்ளிக்குள் முப்பது படி கிடைக்கிறது. முப்பது படி போதும் போலத் தெரியும், ஆனால் போதாது. கம்பியைப் பார், தாளம் மாறியதா என்று சோதி, பிட்டை எடு, அடுக்கு, நினைவகத்தில் எழுது, வரி முடிந்ததா என்று கேள். இதற்கிடையே யுஎஸ்பி "எனக்கும் ஒரு வேலை" என்று குறுக்கே வந்தால் இரண்டு புள்ளி தவறிவிடும். இரண்டு புள்ளி தவறினால் அந்த வரியின் மிச்சம் முழுக்க இடம்பெயர்ந்து நிற்கும்.

ஆர்பி2040இல் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதன் பெயர் பிஐஓ. முதன்மை மூளைகள் இரண்டுக்கும் பக்கத்தில் எட்டுச் சின்ன வேலைக்காரர்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டல் கழித்தல் கணக்குக்கு அவர்கள் சரிவரமாட்டார்கள். ஒரு கம்பி மாறும்வரை காத்திருப்பது, மாறியதும் பக்கத்துக் கம்பிகளின் நிலையை எடுத்து வைப்பது போன்ற வேலைகளைத்தான் பிசகாமல் செய்வார்கள். எங்கள் நிரலில் அந்தப் பகுதி ஐந்தாறு கட்டளைதான்: புதுப் படத்துக்குக் காத்திரு, தாளத்துக்குக் காத்திரு, இரண்டு பிட் எடு, திரும்பப் போ. எடுத்த பிட்களை டிஎம்ஏ என்ற இன்னொரு பகுதி நேரே நினைவகத்தில் கொண்டுபோய் அடுக்கும். முதன்மை மூளைகள் இதைத் திரும்பியும் பார்க்க வேண்டாம். 160க்கு 144 புள்ளி, புள்ளிக்கு இரண்டு பிட், ஆக ஒரு முழுப் படம் 5,760 பைட். சிப்பில் 264 கிலோபைட் நினைவகம் இருக்கிறது. நாற்பதுக்கு மேற்பட்ட படங்களை ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம்.

வேகம் இலகுவாகத் தீர்ந்தது. உண்மையான ஆபத்து வோல்ற்றில் இருந்தது.

கேம்பாயின் கம்பிகள் பேசுவது 5 வோல்ற்றில். ஆர்பி2040இன் கால்கள், அதாவது வயர் இணைக்கும் முனைகள், தாங்குவது 3.3 வோல்ற். நேரே இணைத்தால் சிப் உடனே புகையாது. சில நாள் ஓடும், பிறகு ஒரு கால் செத்துப்போகும், ஏன் என்று விளங்காமல் நிரலைத் தேடிக்கொண்டிருப்போம். எங்கள் முதல் பலகை இப்படித்தான் போனது. ஒரு நாள் படத்தில் கடும் கறுப்பும் வெளிர் சாம்பலும் மட்டும் வரத்தொடங்கின. இரண்டு பிட் கம்பிகளில் ஒன்றைக் கேட்ட கால் எப்போதும் "ஒன்று" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மென்பொருளில் பிழை என்று நான் நாலு இரவு தேடினேன்.

இரண்டு றெசிஸ்ரர் (மின்தடை) வைத்து வோல்ற்றைக் குறைப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. 10 ஆயிரம் ஓமும் 20 ஆயிரம் ஓமும் போட்டால் 5 வோல்ற் 3.3 ஆகிவிடும், கணக்குச் சரி. ஆனால் பெரிய றெசிஸ்ரரும் வயரில் இயல்பாக இருக்கும், மின்னைத் தேக்கும் கொள்ளளவும் சேர்ந்து ஏற்ற இறக்கத்தை மழுங்கடித்துவிடும்; 238 நானோசெக்கனில் மாறும் கம்பிக்கு அது மெத்தனம். ஆயிரமும் இரண்டாயிரமும் போட்டால் மழுங்காது, ஆனால் ஒவ்வொரு கம்பியிலிருந்தும் ஒன்றரை மில்லிஅம்பியருக்கு மேல் உறிஞ்சும். முப்பத்தைந்து வருடச் சிப்பிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. 74எல்விசி245 என்ற சின்னச் சிப் ஒன்று இருக்கிறது. அதை 3.3 வோல்ற்றில் இயக்கினாலும் அதன் கால்கள் 5 வோல்ற்றைத் தாங்கும். உள்ளே 5, வெளியே 3.3. இன்னொரு நல்ல குணமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு நண்பர் வாங்கி, இரவு பஸ்ஸில் கொடுத்துவிட்டார்.

இந்த முறை வயர் ஒட்ட எங்கள் கைக்கு நம்பிக்கை போதவில்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட போன் திருத்தும் ஒரு அண்ணையிடம் போனோம். அவரிடம் மைக்றோஸ்கோப் இருக்கிறது. போன் பலகைகளில் அறுந்த தடத்துக்குப் பதிலாக மயிர் போன்ற எனாமல் வயரால் ஜம்பர் போடுவது அவருக்கு அன்றாட வேலை. வயர் ஒட்டவேண்டிய ஐந்து இடங்களையும் தங்கச்சி ஒரு இணைப்பு வரைபடத்தைப் பார்த்து நிறப் பேனையால் குறித்துக் கொண்டுபோயிருந்தாள். அவர் குறியைப் பார்த்தார், சோல்டரிங் அயனைத் தொடவில்லை.

"பிள்ளை, இதெல்லாம் அளந்து பார்த்தனீங்களோ?"

"படத்திலை இருந்த மாதிரித்தான் அண்ணை குறிச்சனான்."

"படத்தை விடு. முதல்லை மீற்றரை வைப்பம்."

கேம்பாயை இயக்கிவிட்டு, கறுப்பு முனையைத் தரையில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு குறியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். ஒரு வோல்ற், இரண்டு, ஐந்துக்குக் கிட்ட. ஐந்தாவது குறியில் மீற்றர் மைனஸ் 18க்கு மேல் காட்டியது. மூவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தங்கச்சி வரைபடத்தை ஒரு கால் தள்ளி எண்ணியிருந்தாள். கேம்பாயின் திரைக்கு நிற அடர்த்தியைக் கூட்டிக் குறைக்க மைனஸ் 19 வோல்ற் அளவில் ஒரு அழுத்தம் வேண்டும். உள்ளே இருக்கும் சின்னப் பவர் பலகை 5 வோல்ற்றோடு இதையும் உண்டாக்கி, அதே தட்டை வயரில் அனுப்புகிறது. அந்தக் கம்பியில் எங்கள் சிப்பை ஒட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இதைச் செய்ய நினைக்கும் எவருக்கும் நான் சொல்வது இதைத்தான்: எந்த வரைபடத்தையும் நம்பி ஒட்டாதீர்கள், உங்கள் பலகையில் நீங்களே அளந்த பிறகு ஒட்டுங்கள். அண்ணை ஐந்து வயரையும் பத்து நிமிடத்தில் ஒட்டி, மேலே பச்சைப் பசை பூசி, ஒளியில் இறுக்கித் தந்தார். காசு வாங்க மறுத்தார். ஓடினால் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

அடுத்தது மின்சாரம். கேம்பாயின் பின்னால் 6 வோல்ற், 0.7 வாற் என்று போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்ததும் அப்பாவுக்கு வேறொரு ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில், போர் நடந்தபோது, இங்கே மின்சாரமும் இல்லை, பற்றரி கொண்டுவரவும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிளை நிமிர்த்தி வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். சைக்கிள் டைனமோவும் 6 வோல்ற்தான், 3 வாற் அளவில் தரும். "இதை அப்பவே ஓட்டியிருக்கலாம்" என்றார் அப்பா. டைனமோ தருவது ஆடலோட்டம், ஆகவே அதை நேரோட்டமாக்க நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வேண்டும். ஆனால் கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஒருவர் மிதித்தால் நாலு கேம்பாய்.

கேம்பாயே 117 மில்லிஅம்பியருக்குள் வாழும் சாமான். எங்கள் பலகை 25 முதல் 30 வரை எடுக்கும். பற்றரியில் அதையும் ஏற்றினால் கால்வாசிச் சுமை கூடும். அதனால் பலகைக்கு வேண்டியதை யுஎஸ்பி வயரிலிருந்தே எடுத்தோம். வயரைச் செருகினால் காது விழிக்கும், கழற்றினால் உறங்கும். இங்கேதான் 74எல்விசி245இன் மற்றக் குணம் உதவுகிறது. உறங்கும் சிப்புக்குள் 5 வோல்ற் சமிக்ஞை நுழைந்தால், அது கால் வழியாக ஏறிச் சிப்பை அரைகுறையாக எழுப்பப் பார்க்கும். மின்சாரம் இல்லாதபோது இந்தச் சிப் தன் கால்களை அடைத்துக்கொள்ளும். கேம்பாய்க்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பதே தெரியாது.

படம் பலகைக்குள் வந்துவிட்டது. இனி கொம்பியூட்டருக்குப் போகவேண்டும். சும்மா இரண்டு பிட்டாகவே அனுப்பினால் செக்கனுக்கு 344 கிலோபைட்தான், அதாவது 2.75 மெகாபிட். ஆர்பி2040இன் யுஎஸ்பி 12 மெகாபிட், இடம் தாராளம். ஆனால் மறுபக்கம் அதை வாங்கி வரைய நாமே ஒரு மென்பொருள் எழுதி, எல்லாக் கொம்பியூட்டரிலும் போடவேண்டும். எங்கள் ஆசை வேறு: எந்த லப்டொப்பில் செருகினாலும் வெப்கமரா என்று அது நினைக்கவேண்டும். வெப்கமரா மொழியில் பேசினால் புள்ளிக்கு இரண்டு பிட் போதாது. வழக்கமான வடிவத்தில் 16 பிட், சிக்கனமானதில் 12. இந்த வேக யுஎஸ்பியில் நேரம் தவறாமல் அனுப்பும் பாதையில் ஒரு மில்லிசெக்கனுக்கு 1,023 பைட்தான் போகும். 16 பிட் என்றால் செக்கனுக்கு 22 படம். 12 பிட் என்றால் முப்பதுக்குச் சற்றுக் குறைவு. அறுபதில் பாதி என்று ஒத்துக்கொண்டோம்.

பாதியில் ஒரு வில்லங்கம் ஒளிந்திருந்தது. கேம்பாயின் பழைய திரை மெதுவானது. புள்ளி மாறினாலும் பழையதின் நிழல் கொஞ்சம் நிற்கும். சில விளையாட்டுகளில் அதை நம்பியே வரைந்திருக்கிறார்கள். ஒரு பொருளை ஒன்றுவிட்ட படத்தில் மட்டும் வரைந்தால், அந்தத் திரையில் அது பாதி ஊடுருவித் தெரியும். நாங்களோ ஒன்றுவிட்ட படத்தைத்தான் அனுப்புகிறோம். ஆகவே அந்தப் பொருள் ஒன்றில் முழுதாகத் தெரியும், அல்லது முழுதாகக் காணாமல்போகும், எந்தப் படத்தில் தொடங்கினோம் என்பதைப் பொறுத்து. முதல் நாள், விளையாட்டில் அடிபட்ட வீரன் மினுங்காமல் மாயமாகிவிட்டான். விளையாட்டே பழுதென்று நினைத்தோம். அடுத்தடுத்த இரண்டு படங்களைக் கலந்து ஒன்றாக அனுப்பினால் தீர்ந்தது. நினைவகம் தாராளமாக இருந்ததால் அதற்கு ஒரு செலவும் இல்லை. அப்புறம் பார்த்தால், இந்தக் கலவை பழைய திரையின் நிழலையும் கொஞ்சம் திருப்பித் தந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதற்கு வேறு வழிகளே இல்லையா என்றால், உண்டு. புதுப் பிரகாசமான திரைக் கிற் வாங்கிப் போடலாம். கையில் வைத்து விளையாட அதுதான் நல்லது, நான் மறுக்கவில்லை. கேம்பாயைத் திறக்காமலே, கசெற்றுக்கும் கருவிக்கும் இடையில் செருகும் ஜிபி இன்டர்செப்டர் என்ற சாமானும் இருக்கிறது. அதிலும் இதே ஆர்பி2040தான். அது நினைவகப் போக்குவரத்தைக் கேட்டு, உள்ளே என்ன படம் வரும் என்று தானே கணித்து வரைகிறது. கெட்டித்தனமான வேலை, ஆனால் கணிப்பு கணிப்புத்தான். எங்கள் ஐந்து கம்பியில் வருவது கேம்பாய் திரைக்கு அனுப்பிய அதே புள்ளிகள்.

பலகையை வைக்க இடம் தேடுவது கடினமாக இருக்கவில்லை. 23.5க்கு 18 மில்லிமீற்றர் அளவான ஆர்பி2040 சீரோ, ஸ்பீக்கருக்குப் பக்கத்து வெற்றிடத்தில் இருந்துவிட்டது. யுஎஸ்பி வாய்க்குத்தான் துளை வேண்டும். மாமா தந்த கோதில் துளையிட நாங்கள் இருவரும் சம்மதிக்கவில்லை. மாற்றுக் கோது ஒன்று தருவித்து, அதன் அடியில் அரத்தால் ராவினோம். பழைய கோது, அதன் திருகாணிகளோடு, அதே துவாயில் சுற்றி மேல்தட்டில் இருக்கிறது. ஐந்து வயரையும் கழற்றினால் பழைய கருவி அப்படியே திரும்பி வரும். இப்படியான வேலையில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விடயம் அது.

எல்லாம் பூட்டிய இரவு சுவிசுக்கு வீடியோ கோல் எடுத்தோம். லப்டொப் கேம்பாயை வெப்கமரா என்று நினைப்பதால், கமராப் பட்டியலில் அதுவும் நிற்கிறது. மாமா, மாமியோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது தங்கச்சி கமராவை மாற்றினாள். எங்கள் முகம் போய், நாலு நிறப் பச்சையில் வெறும் திரை நின்றது. "படம் போயிட்டுது பிள்ளை" என்றார் மாமா. அவள் சுவிட்சைத் தள்ளினாள். பெயர் மேலிருந்து இறங்கி வந்து நடுவில் நின்றது. மேசையில் இருந்த கேம்பாயின் ஸ்பீக்கரிலிருந்து, லப்டொப்பின் மைக் வழியாக, அங்கேயும் அந்த 'டிங்' கேட்டிருக்க வேண்டும். மாமா திரும்பி, உள்ளறையில் இருந்த மகனை அவன் சின்ன வயதுப் பெயரால் கூப்பிட்டார்.